கப்பல் சமையல்காரி

அன்று கொட்டகையில் இருந்தவர்கள்: அத்தை, அப்பாவின் அக்கா. புருசன் செத்ததும் பிறந்த ஊருக்கே வந்து முந்திரிக் கொட்டகை போட்டவள். அம்மா. சின்னம்மா, அம்மாவின் தங்கை. கிழக்குத் தெருவிலிருந்து கூலிக்கு வரும் ஒரு மாமியாரும் மருமகளும். இரண்டு பேரும் வீட்டில் பேசிக்கொள்ள மாட்டார்கள், கொட்டகையில் பேசிக்கொள்வார்கள். வெளியே தகர டிரம்மில் கொட்டை வறுக்கும் பெரியப்பா. அவருக்குக் காது பாதிதான் கேட்கும். நடுவில், கவிழ்த்துப் போட்ட கூடைமேல் நான். ஐந்தாவது முடித்த லீவு.

அக்கா இல்லை. கட்டிக்கொடுத்து விருத்தாசலம் பக்கம் போய்விட்டாள்.

என் கையில் புத்தகம். மாலுமி அங்குசன். மாதம் ஒன்று வந்துகொண்டிருந்த படக்கதை, திடீரென்று நின்று போயிருந்தது. சுனாமிக்கு முந்தின வருசம் கோடையில் திரும்ப வந்தது. ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் மாட்டித் தொங்கியதைச் சின்னம்மாதான் முதலில் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. நங்கூரம் போட்ட தொப்பியை வைத்துக் கண்டுபிடித்தாள். ஊருக்குக் கிளம்பிய பஸ்ஸிலிருந்து குதித்து இறங்கிப் போய்க் கேட்டிருக்கிறாள். அடுத்த பஸ்ஸில் வந்து சொன்னபோது கொட்டகையில் கொட்டை உடைக்கும் கட்டைச் சத்தம் நின்றது. அத்தை வாங்கி வரச் சொல்லிக் காசு கொடுத்தாள். அத்தை தானாகக் காசு எடுத்து அதுவரை நான் பார்த்ததில்லை.

முந்திரி உடைக்கிறவர்கள் கையைப் பார்த்தாலே தெரியும். ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். அப்படியும் விரல் கறுத்துப்போகும், சோப்புப் போட்டாலும் போகாது. அந்தக் கையால் காகிதத்தைத் தொட்டால் கறை. முன்பெல்லாம் புத்தகம் அதே கடையிலிருந்து வாடகைக்கு வரும். கறை பட்டால் கடைக்காரர் முழு விலையும் வாங்கிவிடுவார். அதனால் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்தர் கொட்டை உடைக்காமல் சுத்தமான கையோடு உட்கார்ந்து படிக்க வேண்டும். மற்றவர்கள் உடைத்துக்கொண்டே கேட்பார்கள். கதை முடிந்ததும் ஆளுக்கு ஒரு கை பருப்பு படித்தவர் முறத்தில் போடுவார்கள். அது படித்தவர் உடைத்ததாகக் கணக்கு.

முன்பு படித்தது அக்கா. ஏழாவதில் பெரியவளானாள். பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஏறிப் போக வேண்டும், வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். அவளுக்குப் படிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. என்னை அனுப்பினார்கள். நானும் ஒன்பதோடு நின்றேன். அதில் யாருக்கு என்ன லாபம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அக்கா படித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். கேப்டனுக்கு ஒரு குரல், கொள்ளைக்காரனுக்கு ஒரு குரல். எங்களில் யாரும் கடலைப் பார்த்ததில்லை. ஆனால் அங்குசன் கப்பலில் எந்தக் கம்பம் எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கப்பலில் ஒரு சமையல்காரி. பேர் செங்கமலம். வாயாடி. கேப்டனைப் பார்த்து, "மீச வச்சா போதுமாய்யா, உப்பு தீந்து நாலு நாளாச்சு" என்பாள். அங்குசன் அடிபட்டுக் கிடந்தால், "எந்திரி, செத்தது போதும்" என்பாள். கொள்ளைக்காரன் கப்பலில் ஏறினால் கொதிக்கிற கஞ்சியைத் தூக்கித் தலையில் ஊற்றுவாள். அந்த இடத்தில் கொட்டகையே சிரிக்கும். வெளியே பெரியப்பாவும் சிரிப்பார், என்னவென்று தெரியாமலே.

ஒருமுறை மருமகள் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"படத்துல செங்கமலத்தக் காணோமே?"

"அடுப்படியில இருக்கறவள எவன் படம் போடுவான்?" என்றாள் அக்கா.

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

அந்தச் செங்கமலத்துக்காகத்தான் அன்று எல்லோரும் காத்திருந்தார்கள். நான் படித்தேன். முதல் பக்கத்தில் விடிகிறது. அங்குசன் தூரத்தில் ஒரு கப்பலைப் பார்க்கிறான்.

"அவ இன்னும் எந்திரிக்கலையா?" என்றாள் மருமகள்.

"எந்திரிச்சிருப்பா. காலையில அத்தன பேருக்கு ஆக்கணும்ல" என்றாள் மாமியார்.

நாலு பக்கம் போனது. எட்டுப் பக்கம் போனது. கொள்ளைக்காரர்கள் கயிறு வீசி ஏறினார்கள். அத்தை கட்டையைக் கீழே வைத்தாள். "இப்ப ஊத்துவா பாரு" என்றாள்.

யாரும் ஊற்றவில்லை. அங்குசன் காலால் உதைத்தான். கொள்ளைக்காரன் கடலில் விழுந்தான். கதை முடிந்தது. நான் புத்தகத்தை மூடினேன்.

"செங்கமலம் எங்கடா?" என்றாள் அத்தை.

"இல்ல அத்தை."

"எங்க இல்ல?"

"புக்குல இல்ல."

"படத்துல இருக்க மாட்டா, அது தெரியும். எழுத்துல இருப்பா. நீ எழுத்த வுட்டுட்டுப் படிக்கிற."

"நான் ஒண்ணும் வுடல."

"வுடாமத்தான் அவ காணாமப் போயிட்டாளா? கடல்ல குதிச்சிட்டாளா?"

அம்மா எழுந்து வந்து என் முதுகில் ஒன்று வைத்தாள். சாம்பல் கை சட்டையில் அப்படியே பதிந்தது.

"அவள நிறுத்திப்புட்டு ஒன்ன அனுப்புனேன் பாரு" என்றாள். "ஒரு பொம்ம புக்கு ஒழுங்கா படிக்க வரல."

அன்று என் முறத்தில் ஒரு பருப்புக்கூட விழவில்லை. இருப்பதைத்தான் படித்தேன். அதற்கு அடி. அழவில்லை. 

மறுநாள் திரும்பவும் படிக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் விரல் வைத்துப் படிக்க வேண்டும் என்றாள் அம்மா. வைத்துப் படித்தேன். "ஆ" "ஐயோ" "டமால்" எல்லாம் படித்தேன். செங்கமலம் வரவில்லை. சின்னம்மாவுக்குத்தான் முதலில் என்மேல் நம்பிக்கை வந்தது. நம்பிக்கை வந்ததும் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"பையன் சரியாத்தான் படிக்கிறான். புக்குப் போடுறவனுவதான் அவள வெட்டிவுட்டானுவ. திருப்பிக் கொண்டாரோம்னு சொல்லிக் காசப் புடுங்கிட்டு, நல்ல ஆள எடுத்துட்டானுவ."

"நாளைக்கே போயிக் கேப்பம்" என்றாள் அத்தை.

போனோம். அத்தை, சின்னம்மா, நான். கடையில் ஏற்கெனவே ஒருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பேண்ட், இன் பண்ணின சட்டை, பையில் பேனா. அவர் கையிலும் மாலுமி அங்குசன்.

"மோட்டாருங்க! அங்குசன் கப்பலுக்கு மோட்டார் வச்சிட்டானுங்க. பாய்மரம் எங்க? மோட்டார் வச்சா அங்குசன் எதுக்கு, நான் ஓட்டிட்டுப் போறேன். தாடிய வேற எடுத்துட்டானுங்க. மூஞ்சி ஜவுளிக்கடைப் பொம்ம மாதிரி இருக்கு."

"சார், நான் என்ன கப்பலா கட்டுறேன்?" என்றார் கடைக்காரர். "புக்கு விக்கிறேன். வேணும்னா எடுங்க, இல்லன்னா வைங்க."

"எட்டு வயசுலேர்ந்து படிக்கிறேன். இது எங்க ஆள் இல்ல. பேர மட்டும் வச்சிக்கிட்டு வேற எவனையோ அனுப்பியிருக்கானுங்க."

அத்தை அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"நல்லாக் கேளுங்க சார். நாங்களும் அதுக்குத்தான் வந்தோம்."

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கோபத்துக்குத் துணை கிடைத்தால் மனுசனுக்கு அப்படி ஒரு சந்தோசம். "நீங்களும் படிப்பீங்களாம்மா? பாத்தீங்களா அநியாயத்த? மோட்டாரு!"

"மோட்டாரு கெடக்கு. செங்கமலத்த எங்க?"

"யாருங்க செங்கமலம்?"

"என்ன சார், எட்டு வயசுலேர்ந்து படிக்கிறேங்கறீங்க. கப்பல்ல சமைக்கிறவ."

அவர் கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் கூரையைப் பார்த்தார்.

"கப்பல்ல யாரும் சமைக்கிறதே கெடையாதும்மா."

"அப்ப அத்தன பேரும் என்னத்தத் தின்னானுவ?"

 அவர் கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். அவருக்கே அது புதுசாகப் பட்டிருக்க வேண்டும். பிறகு சொன்னார், "மொதல் புக்குலேர்ந்து எல்லாம் எங்கிட்ட இருக்கு. கப்பல்ல பொம்பளயே கெடையாதுங்க."

"நீங்க சரியாப் பாத்திருக்க மாட்டீங்க" என்றாள் அத்தை.

வெயில் நேரம், கூட்டம் சேர ஆரம்பித்தது. கடைக்காரர் சண்டையை முடிக்க நினைத்திருப்பார். குனிந்து பலகைக்கு அடியிலிருந்து பழைய வாடகைப் புத்தகங்களை இழுத்துப் போட்டார். அத்தை கஞ்சி ஊற்றின கதையைக் கேட்டாள். புயலில் மாட்டித் தீவில் ஒதுங்கின கதை என்று அடையாளம் சொன்னாள். பேண்ட்காரர் உடனே எடுத்துக் கொடுத்தார். அத்தை கை நீட்டவில்லை. "நீ படிடா" என்றாள் என்னிடம்.

கடை வாசலில் நின்று படித்தேன். கொள்ளைக்காரர்கள் ஏறுகிறார்கள். அங்குசன் கயிற்றை வெட்டுகிறான். பாய் அவர்கள்மேல் விழுந்து மூடுகிறது. அவ்வளவுதான். கஞ்சி இல்லை, சட்டி இல்லை, அடுப்பு இல்லை. அங்குசன் அடிபட்டுக் கிடந்த கதையை எடுத்தார்கள். அவன் தானாகவே எழுந்தான். மூன்றாவது புத்தகத்தைப் பிரித்தபோது சின்னம்மா, "போதும்டா" என்றாள்.

பேண்ட்காரர் குரலை இறக்கிவிட்டார்.

"கஞ்சி ஊத்துற மாதிரி யாரும்மா ஒங்களுக்குப் படிச்சது? நல்லாருக்கே."

அத்தை அவரை முறைத்த முறைப்பில் அவர் மோட்டாரையே மறந்திருப்பார்.

 திரும்பும் பஸ்ஸில் வரதராஜன்பேட்டை தாண்டியதும் அத்தை வாயைத் திறந்தாள். "ஏழாவது படிச்ச கழுத. நம்ம அத்தன பேரையும் ஒக்கார வச்சி ஏமாத்திருக்கு" என்றாள். சின்னம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு ஒரே நிம்மதி. நான் சரியாகப் படித்தேன் என்று ஆகிவிட்டது. வீட்டுக்குப் போனதும் அம்மா முதுகைத் தடவிக்கொடுப்பாள் என்று நினைத்தேன். சொன்னதைக் கேட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் கோயில் திருவிழாவுக்கு அக்கா வந்தாள். அவளைக் கட்டியது அத்தையின் கொழுந்தன். லாரி ஓட்டுகிறவர். ரோட்டிலேயே இறக்கிவிட்டு லோடு இருக்கிறதென்று போய்விட்டார். அக்கா குழந்தையைக் கொட்டகைத் தூணில் தூளி கட்டிப் போட்டாள். சாம்பலைப் பூசிக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டையை எடுத்தாள். அவள் கொட்டை உடைத்து நான் பார்த்ததில்லை. வேகமாக உடைத்தாள். விரல்கள் ஏற்கெனவே கறுத்திருந்தன. போன இடத்திலும் முந்திரிதான்.

"என்னடி கப்பக்காரி" என்றாள் அத்தை. "செங்கமலம் சௌக்கியமா?"

அக்கா நிமிர்ந்தாள். என் மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"திரும்ப வருதா?" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. "எப்பலேர்ந்து? கொடுடா, பாப்போம்." கையை நீட்டினாள். பிறகு விரல்களைப் பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டாள்.

"அது வருது. அவதான் வரல" என்றாள் அத்தை. "இருந்தாத்தான வரதுக்கு? கடையில போயி அத்தன புக்கையும் பாத்துட்டு வந்துட்டோம். நடு பஸ் ஸ்டாண்டுல என் மானம் போச்சு. பொய்யாப் படிச்சு எங்க பருப்பத் தின்னுருக்க."

"ஒரு கையா ரெண்டு கையா?" என்றாள் மாமியார். "மொத்தமா போட்டுருந்தா ஒரு மூட்ட தேறும்."

"பருப்பு போவுது. நான் அவளுக்காவ அழுதுருக்கேன். அதுக்கு என்ன சொல்றா கேளுங்க" என்றாள் மருமகள்.

"அழுதீங்கல்ல" என்றாள் அக்கா. "அப்புறம் என்ன."

"வாய மூடுடி" என்றாள் அம்மா.

அக்கா மூடிக்கொண்டாள். உடைத்துக்கொண்டே இருந்தாள். ஆள் மாற்றி ஆள் திட்டினார்கள். ஏமாற்றுக்காரி, எழுத்துத் தெரிந்த திமிர், பெரியவர்களை மடையர்களாக்கினவள். அங்குசனுக்கு மோட்டார் வைத்தவனைக்கூட யாரும் இவ்வளவு திட்டவில்லை. அம்மா ஒரு வார்த்தை குறுக்கே சொல்லவில்லை. 

சின்னம்மா மட்டும் அதுவரை சும்மா இருந்தாள். திட்டு ஓய்ந்ததும் கேட்டாள்.

"சரி, பொய்யாவே இருக்கட்டும். கடசியில எறங்கணும் எறங்கணும்னு நின்னாளே. அவள எறக்கிவுட்டாங்களா, இல்லயா? அத மட்டும் சொல்லிட்டுப் போ."

அந்தக் கதை எனக்கும் நினைவிருந்தது. அக்கா கடைசியாகப் படித்தது அதுதான். கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்கிறது. செங்கமலம் துணி மூட்டையோடு படிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறாள். நான் இங்கேயே இறங்கிக்கொள்கிறேன், எனக்கு இந்தக் கப்பல் வேண்டாம் என்கிறாள். பாய் விரித்தாகிவிட்டது, இனிமேல் முடியாது என்கிறான் கேப்டன். அந்த இடத்தில் அக்கா புத்தகத்தை மூடிவிட்டாள். "நீங்க சொல்லுங்க. எறங்கட்டுமா, வேணாமா?" என்று எல்லோரையும் கேட்டாள். அதற்கு முன்னால் அவள் அப்படிக் கேட்டதே இல்லை.

கொட்டகை முழுக்க அதைப் பேசியது. எறங்கி எங்கே போவாள், தனியாக நிற்கிற பொம்பளையை ஊர் சும்மா விடுமா என்றாள் அத்தை. சோற்றுக்கா குறை என்றாள் மாமியார். கேப்டன் நல்லவன்தானே என்றாள் மருமகள். சின்னம்மா ஏதோ சொல்ல வந்து அத்தையைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. கடைசியாக அம்மா சொன்னாள், "எல்லாம் பேசி முடிச்ச பின்னால எறங்குறேன்னா என்ன அர்த்தம்? வேணாம். இருக்கட்டும்." அக்கா சரி என்று தலையாட்டினாள். அதற்கடுத்த மாதம் புத்தகம் வரவில்லை. தை மாதம் அவளுக்குக் கல்யாணம்.

இப்போது அக்கா கையில் இருந்த கொட்டையை உடைத்து முடித்தாள். பருப்பை முறத்தில் போட்டாள்.

"எறக்கல" என்றாள்.

"அப்புறம்?" என்றாள் சின்னம்மா.

"அப்புறம் என்ன. சமைக்கிறா."

சண்டை மறுபடி பிடித்துக்கொண்டது. இதற்கா இவ்வளவு நாள் காத்திருந்தோம் என்று மருமகள் கத்தினாள். அத்தை முறத்தைத் தள்ளிவிட்டுக் கேட்டாள்.

"ஒன் வாயிலதானடி இருந்துச்சு அந்தக் கதை? புக்குலதான் அவளே இல்லையே. எறக்கிவுட்டிருந்தா ஒனக்கு என்ன கொறஞ்சு போயிருக்கும்? சொல்றதுதான் சொல்ற, நல்லதாச் சொன்னா என்ன?"

அக்கா கட்டையைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"நான்தான் கேட்டேனே. நீங்கதான வேணாம்னீங்க."

கேட்டது அத்தை. ஆனால் அக்கா பார்த்தது அம்மாவை.

அம்மா தன் கட்டையை வீசி எறிந்தாள். யார் மேலும் படவில்லை. வாசலைத் தாண்டிப் போய் தகர டிரம்மில் மோதியது. பெரியப்பா திரும்பிப் பார்த்து, "என்னா, இடியா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. தூளியில் குழந்தை வீறிட்டு அழுதது.

"ஒரு பொம்ம கதைக்கு இம்மாம் பேச்சா?" என்றாள் அம்மா. "வேலையப் பாருங்கடி."

வேலையைப் பார்க்காமல் எழுந்து வெளியே போனவள் அவள்தான். கிணற்றடியில் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கொட்டகையிலிருந்து எனக்கு முதுகு மட்டும் தெரிந்தது. அத்தை அவள் பக்கம் திரும்பவே இல்லை. கீழே சிந்திக் கிடந்த பருப்பைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

நான் அக்காவிடம் போனேன். என் கேஸ் இன்னும் முடியவில்லை என்று எனக்கு நினைப்பு.

"நான் எழுத்த வுடவே இல்லக்கா. அவ புக்குல இல்லவே இல்ல. என்ன அடிச்சாங்க."

"தெரியும்டா" என்றாள். "நீ சரியாத்தான் படிச்ச."

குழந்தையைத் தூக்க எழுந்தாள். முந்தானையில் கையை அழுத்தித் துடைத்துவிட்டு, புறங்கையால் தூக்கினாள். எண்ணெய் பட்டால் பிள்ளைத் தோல் வெந்துவிடும்.

திருவிழா முடியும்வரைகூட அவள் இருக்கவில்லை. மறுநாளே கிளம்பிவிட்டாள். அம்மாதான் பஸ் ஏற்றிவிட்டாள், நானும் போனேன். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பொய் சொன்னதற்காக அக்காமேல் அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்தேன். ஒரு படக்கதைக்கு இவ்வளவு கோபப்படுகிறார்களே என்றும் நினைத்தேன். அடுத்த மாதம் மாலுமி அங்குசன் வந்தது. கொட்டகையில் யாரும் காசு எடுக்கவில்லை.

வெகு காலம் கழித்து, கல்யாணமாகி எனக்கே ஒரு மகள் பிறந்த பிறகுதான் ஒன்றொன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். அந்தக் கடைசிக் கதையை அக்கா படித்தது, அத்தையின் கொழுந்தன் வீட்டார் வந்து அவளுக்குப் பூ வைத்துவிட்டுப் போன மறுநாள். கொட்டகையில் அன்று அத்தனை பேரும் இருந்தார்கள். புத்தகத்தை மூடிவிட்டு அத்தனை பேரையும்தான் அவள் கேட்டாள்.

இடுப்பில் குழந்தையும் தோளில் பையுமாக அவள் அந்த பஸ்ஸில் ஏறியபோது எனக்கு அவள் பெரிய மனுசி. அம்மாவுக்குச் சமமான ஆள் என்றுதான் நினைத்திருந்தேன். அவளுக்கு என்ன வயது என்று நான் யோசித்ததே இல்லை.

பதினேழு.